படியும் மரக்காலும் போய்க் கிலோ வந்த கதை



மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். ராஜா ராணி சண்டை எல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிறது. நம்ம அடுப்படியில் கிடக்கிற வரலாற்றை எழுதலாமே என்று நினைத்தேன். ஒரு நாளைக்கு நாம் எத்தனை விதமாக அளக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். கடையில் அரிசி கிலோ, உலையில் போடும்போது ஆழாக்கு. பாலுக்கு லிட்டர், பூவுக்கு முழம், கீரைக்குக் கட்டு, வாழைப்பழத்துக்குச் சீப்பு, வெற்றிலைக்குக் கவுளி. தேங்காயை எண்ணி வாங்குகிறோம். நகை என்றால் பவுன். ரவிக்கைத் துணி மீட்டரில், புடவை மட்டும் இன்னமும் கெஜத்தில். வயலைக் கேட்டால் மா என்கிறோம், பட்டாவைப் பிரித்தால் ஹெக்டேர் என்று இருக்கிறது. பத்தாவதுக்கு மேல் படிக்காத நாம்தான் இத்தனை கணக்கையும் கையில் வைத்துப் புழங்குகிறோம்.

இந்த அளவெல்லாம் எப்படி வந்தது, எந்தப் பொருளுக்கு எது பொருந்தும் என்று யார் முடிவு செய்தார்கள், அதில் நம்ம பாட்டிமார் கூலி எப்படிக் கூடிக் குறைந்தது என்பதுதான் நான் சொல்ல வந்தது. கிளை நூலகத்தில் உட்கார்ந்து படித்ததும், ஊர்ப் பெரியவர்களைக் கேட்டதும் சேர்த்து எழுதுகிறேன்.

முதல் அளவுகோல் மனுஷ உடம்புதான். விரல், சாண், முழம், அடி, பிடி, கைப்பிடி, சிட்டிகை. 'எறும்பும் தன் கையால் எண் சாண்' என்று ஒரு பழமொழி உண்டு. அவரவர் கையால் அவரவர் உடம்பு 8 சாண். இதில் ஒரு வசதி இருக்கிறது. எனக்குப் பாய் பின்ன வேண்டும், என் பிள்ளைக்குத் தூளி கட்ட வேண்டும் என்றால் என் முழமே போதும், கடைக்குப் போய் டேப்பு வாங்க வேண்டியதில்லை. ஆனால் விற்கிறவள் ஒருத்தி, வாங்குகிறவள் ஒருத்தி என்று ஆகிவிட்டால், யாருடைய முழம் என்ற கேள்வி வந்துவிடுகிறது. பூக்காரி முழம் போடும்போது முழங்கையில் இருந்து நடுவிரல் நுனி வரைக்கும் போடுகிறாளா, மணிக்கட்டோடு மடக்குகிறாளா என்று நாம் கண் வைத்துப் பார்க்கிறோமே, அந்தக் கேள்விதான். அளவு வரலாறு முழுக்க இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகிறது.

நெல்லுக்கும் அரிசிக்கும் நம்ம முன்னோர் நிறுத்துப் பார்க்கவில்லை, அளந்து பார்த்தார்கள். பெரிய தராசு எல்லார் வீட்டிலும் இருக்காது. மூங்கிலிலோ மரத்திலோ பித்தளையிலோ ஒரு பாத்திரம் இருந்தால் போதும். வாய்பாடு இதுதான்: 2 ஆழாக்கு 1 உழக்கு, 2 உழக்கு 1 உரி, 2 உரி 1 நாழி. நாழியைத்தான் படி என்கிறோம். 8 நாழி 1 குறுணி, 2 குறுணி 1 பதக்கு, 2 பதக்கு 1 தூணி, 3 தூணி 1 கலம். குறுணிக்கு இன்னொரு பேர் மரக்கால். கீழே போனால் 5 செவிடு 1 ஆழாக்கு, 360 நெல் 1 செவிடு. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி என்று பிள்ளைகள் பாடமாகச் சொன்னது இதையெல்லாம்தான். பாதி, பாதி, பாதி என்று போவதைக் கவனியுங்கள். படிக்காதவளும் ஒரு நாழி அரிசியைக் கண்ணால் பார்த்து இரண்டாகப் பிரித்துவிடலாம், அதையும் இரண்டாகப் பிரிக்கலாம். பத்தாகப் பிரிக்கச் சொன்னால் கஷ்டம். வீட்டுப் புழக்கத்துக்கு அது நல்ல கணக்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எடைக்கும் வாய்பாடு இருந்தது. 3 தோலா 1 பலம், 8 பலம் 1 சேர், 5 சேர் 1 வீசை, 8 வீசை 1 மணங்கு, 20 மணங்கு 1 பாரம். ஒரு பலம் இன்றைய கணக்கில் சுமார் 35 கிராம். ஒரு வீசை 1 கிலோ 400 கிராம். புளி, மிளகாய், வெல்லம், பஞ்சு எல்லாம் வீசைக் கணக்கு. இப்போது 'வெட்கமா, கிலோ என்ன விலை?' என்று கேலி பேசுகிறோம். எங்கள் பாட்டி 'வீசை என்ன விலை' என்றுதான் சொல்லும். தங்கத்துக்குக் குன்றிமணி, மஞ்சாடி, கழஞ்சு. 2 குன்றிமணி 1 மஞ்சாடி, 20 மஞ்சாடி 1 கழஞ்சு. பொருள் விலை கூடக் கூட அளவு சின்னதாகிக்கொண்டே வருவதைப் பாருங்கள். நெல்லைக் கலத்தில் அளந்தவர்கள் தங்கத்தை விதையால் நிறுத்தார்கள். பொருத்தமான அளவைத் தேர்ந்தெடுப்பது என்று பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் வருகிறதே, அது இதுதான்.

இப்போது தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு வாருங்கள். ராஜராஜ சோழன் கட்டி 1010இல் முடித்த கோயில். அந்தச் சுவர் முழுக்கக் கணக்கு வெட்டி வைத்திருக்கிறார்கள். நாம் மாசாமாசம் தீர்மான நோட்டும் ரொக்க நோட்டும் எழுதுகிற மாதிரி, அவர்கள் கல்லில் எழுதினார்கள். ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடு கொடுத்தார்கள், அந்த ஆட்டை வாங்கினவர் தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு வளர்க்கிற குழுக்காரர்கள் இந்தக் கணக்கை யோசித்துப் பாருங்கள். அதே சுவரில், கோயிலில் ஆடுவதற்கு அமர்த்திய 400 பெண்களின் விவரம் இருக்கிறது. எந்த ஊர்க் கோயிலில் இருந்து வந்தவள், அவள் பேர் என்ன, எந்தத் தெருவில் எத்தனாவது வீடு அவளுக்கு என்று ஒவ்வொருத்திக்கும் எழுதியிருக்கிறது. ஒருத்திக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல்.

இதில் எனக்குப் பெரிசாகத் தெரிந்தது நூறு கலம் இல்லை. 'ஆடவல்லான்' என்ற மரக்காலால் அளந்து கொடுக்க வேண்டும் என்று பாத்திரத்தின் பேரையும் சேர்த்து வெட்டியிருக்கிறார்கள். ஆடவல்லான் என்பது சாமி பேர். அது ராஜகேசரி என்ற மரக்காலுக்குச் சமம் என்றும் எழுதியிருக்கிறது. நிறுக்கிற கல்லுக்கும் பேர் உண்டு. பொன் பொருளை ஆடவல்லான் என்ற கல்லாலும், நகைகளைத் தட்சிணமேருவிடங்கன் என்ற கல்லாலும் நிறுத்தார்கள். கலம் என்று மட்டும் எழுதினால் போதாது, எந்த மரக்காலால் அளந்த கலம் என்று எழுத வேண்டும் என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது. ஏனென்றால் ஊருக்கு ஒரு மரக்கால் இருந்தது. நிலம் அளக்கிற கோலும் அப்படித்தான். சில கோயில்களில் கோலின் நீளத்தைச் சுவரிலேயே கோடாக வெட்டி வைத்தார்கள். சண்டை வந்தால் கோலைக் கொண்டுவந்து அந்தக் கோட்டில் வைத்துப் பார்க்கலாம்.

ஊருக்கு ஓர் அளவு என்பது பிறகும் மாறவில்லை. போன நூற்றாண்டு வரைக்கும் பட்டணத்துப் பக்கம் 8 படி ஒரு மரக்கால். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் மரக்கால் என்றால் பட்டணம் படிக்கு 2 படிதான். பேர் ஒன்று, அளவு வேறு. பம்பாய்ப் பக்கம், வடக்கே எல்லாம் சேர் என்று சொன்னது நம்ம சேரே இல்லை. வடக்கே 80 தோலா ஒரு சேர், நம்மிடம் 24 தோலா.

இனிமேல்தான் கூலி விஷயம். நம்ம டெல்டாவில் நடவுக்கும் அறுப்புக்கும் கூலி நெல்லாகத்தான் கிடைத்தது. ஆம்பளை ஆளுக்கு அளந்ததைவிடப் பொம்பளை ஆளுக்குக் குறைத்துத்தான் அளந்தார்கள். எங்கள் பாட்டி அறுப்புக் காலத்துக் கதை சொல்லும்போது மிராசுதார் வீட்டில் 2 மரக்கால் இருந்தது என்று சொல்லும். நெல் வாங்கும்போது ஒன்று வெளியே வரும், கூலி கொடுக்கும்போது இன்னொன்று வெளியே வரும். 'லாபம், ரெண்டு, மூணு' என்று பாட்டு மாதிரி எண்ணிக்கொண்டே வேகமாக அளப்பார்களாம். 'ஒண்ணு' என்று சொல்லக் கூடாது, லாபம் என்றுதான் தொடங்க வேண்டும். 'யாருக்கு லாபம்னு எங்களுக்குத் தெரியாதா?' என்று பாட்டி சிரிக்கும்.

பாத்திரமே சரியான பாத்திரமாக இருந்தாலும் அளக்கிற கையில் வித்தை உண்டு. இதைத் தெரிந்துகொள்ளுங்கள், இன்றைக்கும் உதவும். தலை தட்டி அளப்பது ஒன்று, கோபுரமாகக் குவித்து அளப்பது ஒன்று. வாய் அகலமான மரக்காலில் கோபுரம் பெரிதாக நிற்கும். அதே கொள்ளளவு உள்ள, வாய் குறுகி உயரமான மரக்காலில் கோபுரம் சின்னதுதான். குத்தகை நெல் வாங்கும்போது அகல வாய் மரக்காலில் குவித்து, கூலி அளக்கும்போது தலை தட்டினால், பாத்திரத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது, ஆனால் அம்பாரத்துக்கு அம்பாரம் வித்தியாசம் வரும். மேலே இருந்து மெதுவாகக் கொட்டினால் நெல் பொம்மென்று நிற்கும். பாத்திரத்தைத் தரையில் ரெண்டு தட்டுத் தட்டினால் இறங்கிவிடும், இன்னும் ரெண்டு பிடி கொள்ளும். தட்டுகிறவர் யார், அளந்து வாங்குகிறவர் யார் என்பதைப் பொறுத்தது.

1952இல் தஞ்சாவூர் மாவட்டத்துக்கு என்று பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் கூலி நெல்லுக்கான சண்டை ஓயவில்லை. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதில் பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். விவசாயத் தொழிலாளர்கள் கூலி நெல் கூட்டிக் கேட்டதும், சங்கம் சேர்ந்ததும்தான் அந்தப் பகையின் வேர். அளவு என்பது வெறும் கணக்குப் பாடம் என்று யாராவது சொன்னால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். கிலோவும் மீட்டரும் பிறந்தது பிரான்சு நாட்டில். அங்கே 1789இல் புரட்சி வருவதற்கு முன்னால் ஊருக்கு ஊர் வேறு அளவு, நிலப்பிரபு வைத்ததுதான் தானிய அளவு. மக்கள் குறைகளை எழுதித் தாருங்கள் என்று அரசாங்கம் கேட்டபோது, நாடு முழுக்க ஒரே எடை, ஒரே அளவு வேண்டும் என்று ஊர் ஊராக எழுதிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் எந்த ராஜா கையும் எந்த ராஜா காலும் இல்லாத ஓர் அளவு வேண்டும் என்று பூமியையே அளவாக எடுத்தார்கள். வடதுருவத்தில் இருந்து பூமத்திய ரேகை வரைக்கும் உள்ள தூரத்தை ஒரு கோடிப் பங்காகப் பிரித்து, அதில் ஒரு பங்கை மீட்டர் என்றார்கள். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. எல்லாமே பத்துப் பத்தாக ஏறும். பிறகு ஓர் உலோகக் கட்டியைச் செய்து அதுதான் உலகத்துக்கே கிலோ என்று வைத்தார்கள். அதன் நகல்களில் 57ஆம் நம்பர் நம் நாட்டுக்கு வந்து, டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. ராஜராஜனின் கல்லைப் போலத்தான் அதுவும். 2019இல் அந்தக் கட்டியையும் விட்டுவிட்டு, மாறவே மாறாத இயற்பியல் கணக்கால் கிலோவை வரையறுத்துவிட்டார்கள்.

நம் நாட்டில் முதலில் மாறியது காசு. 1957 ஏப்ரல் 1இல் நயா பைசா வந்தது. அதற்கு முன் ரூபாய்க்கு 16 அணா. இனி 100 பைசா. அப்படியென்றால் ஒரு அணாவுக்கு ஆறேகால் பைசா. அந்தக் கால் பைசாவை வைத்துக் கடைக்காரருக்கும் நம்ம பாட்டிமாருக்கும் எத்தனை வாய்த்தகராறு வந்திருக்கும்! 1956 டிசம்பரில் எடை அளவுச் சட்டம் நிறைவேறியது. 1958 அக்டோபரில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக வீசை போய்க் கிலோவும், படி போய் லிட்டரும், கெஜம் போய் மீட்டரும் வந்தன. 1960களின் தொடக்கத்துக்குள் பழைய அளவில் வியாபாரம் பண்ணக் கூடாது என்று ஆக்கினார்கள்.

சட்டம் போட்டால் வாய் உடனே மாறிவிடுமா? 1967 தேர்தலில் அண்ணா என்ன வாக்குறுதி கொடுத்தார்? ரூபாய்க்கு 3 படி அரிசி. கிலோ சட்டமாகி இத்தனை வருஷம் கழித்தும் படி என்று சொன்னால்தான் ஜனங்களுக்கு வயிற்றில் பட்டது. ஜெயித்து வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போட்டார்கள். மூணு படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்பதைப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். எங்கள் ஊரில் இரும்பில் செய்த லிட்டர் அளவையையே லிட்டர் படி என்றுதான் கூப்பிட்டார்கள்.

கிலோ வந்தது நல்லதா என்றால், மொத்தத்தில் நல்லதுதான் என்பது என் எண்ணம். தராசை இரண்டு பக்கத்து ஆளும் பார்க்கலாம், மேலே முத்திரை இருக்கும், தகராறு என்றால் வேறு தராசில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் எந்த அளவும் தானாக நியாயம் பேசாது. நெல்லை மரக்காலால் அளந்தால் பதர் இடத்தை அடைத்துக்கொள்ளும், வாங்குகிறவருக்கு நஷ்டம். எடை போட்டால் பதருக்குக் கனமில்லை, தெரிந்துவிடும். ஈரம் இருந்தாலோ எடை கூடிவிடும், மறுபடியும் வாங்குகிறவருக்கு நஷ்டம். அதனால்தான் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் எடையோடு ஈரப்பதமும் பார்க்கிறார்கள். 17 சதவீதத்துக்கு மேல் என்றால் காயவைக்கச் சொல்லிவிடுவார்கள். அங்கே மூட்டை 40 கிலோ. நம்ம பெரியவர்களின் மூட்டை 2 கலம், அதாவது சுமார் 60 கிலோ. 'எத்தனை மூட்டை கண்டுச்சு?' என்று இரண்டு தலைமுறை பேசிக்கொள்ளும்போது இந்த மூட்டையா அந்த மூட்டையா என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நிலக் கணக்கும் இப்படித்தான். தஞ்சாவூர்ப் பக்கம் 12 அடிக்கு 12 அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு மா என்பது 33 சென்ட், 3 மா கிட்டத்தட்ட ஓர் ஏக்கர். ஹெக்டேரில் 100இல் ஒரு பங்குக்கு ஏர் என்று பேர், பட்டாவில் ஏர்ஸ் என்று போடுவார்கள். ஒரு மா சுமார் 13.4 ஏர்ஸ். இப்போது பெண்கள் பேரிலும் பட்டா வருகிறது. பட்டாவில் 13.4 என்று பார்த்துவிட்டு 13 சென்ட்தானா என்று பதறவும் வேண்டாம், யாராவது அப்படிச் சொன்னால் நம்பவும் வேண்டாம். ஓர் ஏர் என்பது ஏறத்தாழ இரண்டரை சென்ட். ஏர்ஸை இரண்டரையால் பெருக்கினால் சென்ட் கிட்டத்தட்ட வந்துவிடும்.

தங்கத்தில் பவுன் போகவே இல்லை. இங்கிலாந்து ராணி தலை போட்ட காசின் எடைதான் பவுன், இப்போது 8 கிராம் என்று வைத்துக்கொண்டோம். தாலிக்கும் சீருக்கும் பவுன்தான் பேச்சு. அடகு வைக்கப் போனால் மட்டும் ரசீதில் கிராமும் மில்லியும் வரும். பவுனை 8ஆல் பெருக்கி, அதில் கல்லுக்கும் அரக்குக்கும் எவ்வளவு கழித்தார்கள் என்று ரசீதில் பாருங்கள்.

பழைய மரக்கால் சண்டை முடிந்துபோனது என்று நினைக்க முடியவில்லை. நூறு நாள் வேலை 2006இல் தொடங்கியபோது நம்மில் பலர் முதல் தடவையாகக் கன மீட்டர் என்ற வார்த்தையைக் கேட்டோம். வெட்டின மண்ணை நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கிக் கணக்கெடுப்பார்கள். 30 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டினால் 9 கன மீட்டர். ஆழத்தை மட்டும் 20 சென்டிமீட்டர் என்று எழுதினால் 6 கன மீட்டர் ஆகிவிடும். அரைச் சாண் கூட வராத வித்தியாசம், ஆனால் மூணில் ஒரு பங்கு உழைப்பு காணாமல் போய்விடும். நீளத்தையும் அகலத்தையும் மீட்டரில் சொல்லி ஆழத்தைச் சென்டிமீட்டரில் சொல்வதால், சின்ன எண்தானே என்று நாம் விட்டுவிடுகிறோம். அளக்கும்போது குழுவில் இருந்து ஒருத்தி டேப்பின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பேன். மரக்கால் காலத்தில் பாட்டிக்கு அந்த வசதி இல்லை.

நம்ம குழுக்கள் பொருள் செய்து விற்க ஆரம்பித்த பிறகு அளக்கிற கை நம்ம கை ஆகிவிட்டது. எங்கள் குழுவில் இட்லி மாவு போட்டபோது லிட்டர் கணக்கா கிலோ கணக்கா என்று பெரிய விவாதம் நடந்தது. மாவு தண்ணி மாதிரி ஊற்றுகிற பொருள், அதனால் லிட்டர்தான் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் புளிக்கப் புளிக்க மாவு பொங்கும். காலையில் முக்கால் லிட்டர் இருந்தது சாயங்காலம் ஒரு லிட்டராக நிற்கும், உள்ளே இருப்பது காற்று. எடை மட்டும் மாறாது. அதனால் கிலோதான் என்று முடிவானது. எண்ணெய்க்கு வேறு மாதிரி. ஒரு லிட்டர் நல்லெண்ணெய் ஒரு கிலோ இருக்காது, சுமார் 910 கிராம்தான். செக்கில் கிலோ விலைக்கு வாங்கி அதே விலைக்கு லிட்டரில் கொடுத்தால் நமக்கு மிச்சம், கிலோவில் வாங்கி லிட்டர் விலை சொல்கிறவரிடம் வாங்கினால் நமக்கு நஷ்டம். தேன் தலைகீழ், ஒரு லிட்டர் தேன் 1 கிலோ 400 கிராம் வரைக்கும் கனக்கும்.

மிளகாய்த்தூளும் மஞ்சள்தூளும் 50 கிராம் பொட்டலம் போடுகிற குழுக்களுக்கு ஒரு வார்த்தை. காய்கறி நிறுக்கிற தராசு 5 கிராம் 5 கிராமாகத்தான் காட்டும். 50 கிராமில் 5 கிராம் என்றால் பத்தில் ஒரு பங்கு. பொட்டலத்துக்கு 2 கிராம் கூடப் போனால் கூட, 100 பொட்டலத்தில் 200 கிராம் போகும், அதாவது 4 பொட்டலம் சும்மா கொடுத்த கணக்கு. குறைந்துபோனால் அதைவிட மோசம், வாங்கினவளை ஏமாற்றினதாகும், சட்டப்படியும் குற்றம். ஒரு கிராமும் காட்டுகிற சின்னத் தராசு தனியாக வேண்டும். மின்னணுத் தராசுக்கு வருஷாவருஷம் முத்திரை போட வேண்டும். நம் மாநிலத்தில் அதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. பொட்டலத்தின் மேல் நிகர எடையை எழுதியே ஆக வேண்டும். பையோட எடையைச் சேர்க்கக் கூடாது.

குழந்தைக்குக் கொடுக்கிற மருந்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 5 மில்லி கொடு என்றால் வீட்டுக் கரண்டியில் ஒரு கரண்டி என்று அர்த்தம் இல்லை. ஒரு வீட்டுக் கரண்டி 3 மில்லி இருக்கும், இன்னொரு வீட்டில் 7 மில்லி இருக்கும். பாட்டிலோடு கொடுக்கிற மூடியிலோ குப்பியிலோ கோடு இருக்கும், அந்தக் கோட்டைப் பார்த்து ஊற்றுங்கள். சாம்பாருக்கு உப்பு போடக் கைதான் அளவு, மருந்துக்குக் கை ஆகாது.

பழைய அளவில் எல்லாம் போகட்டும் என்று நான் சொல்ல வரவில்லை. உலை வைக்க எனக்கு இன்னமும் ஆழாக்குதான் சரியாக வருகிறது. ஆளுக்கு இவ்வளவு என்று கை சொல்லிவிடும், 137 கிராம் என்று நிறுத்தா சோறு வடிப்பார்கள்? பல ஊர்களில் பெண்கள் சேமிப்பைத் தொடங்கியதே பிடி அரிசியில்தான். உலையில் போடும்போது ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போட்டு வைப்பது. அதற்கு யார் பிடி பெரிசு, யார் பிடி சின்னது என்று ஒருத்தியும் கேட்கவில்லை, கேட்கவும் வேண்டியதில்லை, அவளவள் பானை. அதையே குழுவில் பொதுவாகப் போட்டு, கடனாகக் கொடுத்து, திரும்பி வாங்கும்போது பிடி போதாது. அங்கே ரூபாயும் கிலோவும் வேண்டும், நோட்டில் எழுத வேண்டும், இரண்டு பேர் கையெழுத்து வேண்டும்.

பாதி வீடுகளில் பழைய படியும் மரக்காலும் பரணில் கிடக்கும், சில வீட்டில் கல்யாணத்துக்கு நிறைநாழி வைக்க மட்டும் இறங்கும். பித்தளைக்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கொண்டுவாருங்கள். மாவுக் குழுவின் லிட்டர் அளவை வைத்துத் தண்ணீர் ஊற்றி ஒவ்வொன்றும் எத்தனை மில்லி கொள்கிறது என்று பார்த்து, எந்த வீட்டுப் படி, யார் காலத்தது, கூலி அளந்ததா வீட்டுக்கு அளந்ததா என்று ஒரு நோட்டில் எழுதி வைப்போம். மரக்கால் இருக்கிறவர்கள் வாய் எவ்வளவு அகலம் என்று டேப்பு வைத்துச் சென்டிமீட்டரில் குறித்துக்கொண்டு வாருங்கள்.